ஜூலியஸ் சீசர்தான் ரோமின் முதல் பேரரசரா?

இல்லை, அகஸ்டஸ். ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவசரமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு இந்தக் கேள்வியோடு பழைய பகை உண்டு. கல்லூரிக் காலத்தில் மாவட்ட அளவிலான வினாடி வினா, கடைசிச் சுற்று, இதே கேள்வி. பஸ்ஸரை அழுத்தி "அகஸ்டஸ்" என்றேன். கேள்வி கேட்டவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், "தவறு, ஜூலியஸ் சீசர்" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மேடையிலேயே மல்லுக்கு நின்றேன். சீசர் கி.மு. 44-இல் வாங்கிக்கொண்டது வாழ்நாள் சர்வாதிகாரி பட்டம். சர்வாதிகாரி என்பது குடியரசிலேயே இருந்த பதவிதான். நெருக்கடி வந்தால் ஆறு மாதத்துக்குக் கொடுப்பார்கள். அவர் அதை ஆயுளுக்கும் நீட்டிக்கொண்டார். உயிரோடு இருக்கும்போதே நாணயத்தில் அவர் தலை வந்தது. ஆள் ராஜாவாகப் பார்க்கிறார் என்று பயந்துதான் அந்த வருடம் மார்ச் 15 அன்று செனட் கூட்டத்திலேயே குத்திக் கொன்றார்கள்.

அவருடைய வாரிசான ஆக்டேவியன், அதாவது பின்னாளில் அகஸ்டஸ் ஆனவர், இதையெல்லாம் பார்த்தவர். கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் தன் போட்டியாளர் ஆன்டனியைத் தோற்கடித்தபின் அவரைத் தட்டிக்கேட்க ஆளில்லை. ஆனாலும் கி.மு. 27-இல் அதிகாரத்தைத் திருப்பித் தருவதாகச் செனட்டில் அறிவித்தார். செனட்டோ அகஸ்டஸ் என்ற பட்டத்தையும் கொடுத்து, படைகள் அதிகமிருந்த மாகாணங்களையும் அவரிடமே ஒப்படைத்தது. கி.மு. 22-இல் மக்களே சர்வாதிகாரியாக இருக்கச் சொல்லிக் கெஞ்சியும் மறுத்துவிட்டார். படையும் எகிப்தும் கையில் இருக்கும்போது அந்தப் பட்டம் எதற்கு?

"ரோமப் பேரரசர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய சூட்டோனியஸே ஜூலியஸ் சீசரிலிருந்துதானே தொடங்குகிறார்" என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். அவர் எழுதியது நூறு வருடத்துக்கு மேல் கழித்து. அதே காலத்து வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், எல்லாவற்றையும் தன் கைக்குள் கொண்டுவந்தவர் என்று அகஸ்டஸைத்தான் சொல்கிறார். சீசரை மட்டம் தட்டுகிறேன் என்று சண்டைக்கும் வர வேண்டாம். அவர் இல்லாமல் அகஸ்டஸ் இல்லை.

சரி, நான் கத்தியதில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்றார்கள். இரண்டாம் பரிசு கொடுத்தார்கள், சான்றிதழில் என் இனிஷியலைத் தப்பாக அடித்திருந்தார்கள். நுழைவுக் கட்டணத்தை மட்டும் கறாராக, சில்லறையோடு எண்ணி வாங்கினார்கள். திருத்தித் தரச் சொல்லிப் போனால் ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம் வாங்க தம்பி". அந்தச் சான்றிதழை எந்த வேலை விண்ணப்பத்தோடும் இணைக்க முடியாமல் போய்விட்டது.