எல்பர்ட்டன் ஊர்க்காரர்கள் தாங்கள் வைத்த போர்வீரர் சிலையைத் தாங்களே ஏன் புதைத்தார்கள்?

சிலை அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம். எல்பர்ட்டன், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்காகச் சண்டை போட்டவர்களின் நினைவாக, 1898-ல் உள்ளூர்க் கருங்கல்லிலேயே ஒரு சிப்பாயைச் செதுக்கி ஊர்ச் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். ஆனால் திரையை விலக்கிப் பார்த்தால் குட்டையான, தடித்த உருவம். மேல்கோட்டும் தொப்பியும் எதிரியான வடக்குப் படையினருடையது மாதிரியே இருந்தன. செதுக்கியவர் இத்தாலியிலிருந்து வந்தவர், அந்தப் போரைப் பார்த்தவரில்லை, அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பேன். அண்ணனையோ அப்பாவையோ போரில் பறிகொடுத்தவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பதும் புரிகிறது.

சிலைக்கு 'டச்சி' என்று கேலியாகப் பட்டப்பெயர் வைத்தார்கள். அப்புறம் 1900 ஆகஸ்டில் ஓர் இரவு சிலையைக் கீழே இழுத்துப் போட்டார்கள், கால்கள் உடைந்தன. பீடத்தின் அருகிலேயே குழி வெட்டி, முகம் மண்ணைப் பார்க்கும்படி புதைத்துவிட்டார்கள்.

1982-ல் தோண்டி எடுத்தபோது, எண்பது வருட மண்ணைப் போக்க கார் கழுவும் இடத்தில் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்களாம்! இப்போது அந்த ஊர் கிரானைட் அருங்காட்சியகத்தில், உடைந்த காலோடு மல்லாந்து கிடக்கிறது.