துண்டை விடுங்கள், சூப்பைக் கேளுங்கள்

தம்பி, அடுத்த மாதம் டோக்கியோ வருகிறேன், கோழி முட்டை ஓகே, பன்றியும் மாடும் மட்டும் தொடமாட்டேன், சேலத்தில் ஃபாஸ்ட் ஃபுட் கடை நூடுல்ஸ்தான் ராத்திரிச் சாப்பாடு, அங்கே சீனக் கடைகளில் அப்படியே ஓட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, வங்கிக் கணக்கு, சிம் கார்டு. அந்த மூன்றுக்கும் உங்கள் கம்பெனி எச்.ஆரைப் பிடியுங்கள். நான் அந்த வரிசைகளில் நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நான் சொன்னால் தப்பாகத்தான் இருக்கும். நூடுல்ஸ் கதை மட்டும் என்னிடம் கேளுங்கள், அதில் நான் நன்றாக அடிபட்டவன்.

முதலில் சேலத்துக் கடையை மறந்துவிடுங்கள். கோபி மஞ்சூரியன் என்றால் இங்கே முழிப்பார்கள். தெருமுனைச் சீனக் கடையை இங்கே 'மாச்சி சூகா' என்பார்கள். பெரும்பாலும் ஜப்பானியர்களே நடத்துவது. ராமென் (சூப் நூடுல்ஸ்), தன்மென் (காய்கறி குவித்த சூப் நூடுல்ஸ்), சாஹன் (வறுத்த சோறு), கியோசா (பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரி), இதுதான் பட்டியல். மூலம் சீனம், நாக்கு ஜப்பான். காரமாக ஏதாவது வேண்டுமென்று தேடினால் தந்தன்மென் என்ற நூடுல்ஸ் கண்ணில் படும். எள் விழுது, மிளகாய் எண்ணெய், மேலே கொத்துக்கறி. சிச்சுவானில் காவடித் தண்டில் சுமந்து தெருத்தெருவாக விற்ற நூடுல்ஸ் அது, பெயரே அந்தக் காவடியிலிருந்து வந்ததுதான். அங்கே சூப் கிடையாது. 1958இல் டோக்கியோவில் சிச்சுவான் உணவகம் திறந்த சென் கென்மின் என்ற சமையல்காரர்தான் காரத்தைக் குறைத்து, சூப் ஊற்றி, இந்த ஊர் நாக்குக்கு மாற்றினார். வாசனை ஆளை இழுக்கும். ஆனால் அந்தக் கொத்துக்கறி பன்றி. நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது என் கதை. 2004 ஜனவரியில் டோக்கியோவை ஒட்டிய கவாசாகியில் வந்து இறங்கினேன். அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடி மூன்றே வாரத்தில் தீர்ந்தது. ஸ்டேஷனிலிருந்து அறைக்குப் போகும் வழியில் ஒரு சின்னச் சீனக் கடை. வாசலில் கண்ணாடி அலமாரி, அதற்குள் பிளாஸ்டிக்கில் செய்த சாப்பாட்டு மாதிரிகள். படிக்கத் தெரியாதவனுக்கு அதுதான் மெனு. முட்டைக்கோஸும் கேரட்டும் பயறு முளையும் குவிந்திருந்த ஒரு கிண்ணத்தைக் காட்டி, "நிகு நாஷி" என்றேன். கறி வேண்டாம் என்று அர்த்தம். அலுவலகத்து அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்த மந்திரம். அதுதான் தன்மென், அப்போது 600 யென்.

கடைக்காரரும் அவர் மனைவியும் சீனாவின் தாலியன் ஊர்க்காரர்கள். அவர்கள் ஜப்பானிய மொழியும் தடுமாற்றம், என்னுடையது அதைவிட மோசம். அதனாலேயே நன்றாகப் புரிந்துகொண்டோம். முதல் நாள் நான் சத்தம் வராமல் நாசூக்காகச் சாப்பிட முயன்று நாக்கைச் சுட்டுக்கொண்டதைப் பார்த்து அந்த அம்மா இழுத்து உறிஞ்சிக் காட்டினார். இலையில் ரசத்தைச் சர்ரென்று இழுக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இதைக்கூடவா இன்னொருவர் சொல்லித்தர வேண்டும்? வெள்ளை மிளகுத்தூளைத் தாராளமாகத் தட்டி, இரண்டு சொட்டு ராயூ, அதாவது மிளகாய் எண்ணெய், விட்டால் சளிக்குக்கூட நல்லது. வாரத்தில் நாலு நாள் அங்கேதான். ஏழு மாதம்.

ஆகஸ்டில் ஒரு நாள் சாயங்காலம் சீக்கிரமே போனேன். வெக்கைக்குப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே இடுப்பளவு உயரத்தில் ஒரு அலுமினியப் பானை. கடைக்காரர் நீளக் கரண்டியால் அடியிலிருந்து கிளறினார். கரண்டியோடு மேலே வந்தது, ஆள் கைமுஷ்டி அளவில் ஒரு எலும்பு மூட்டு, நடுவில் ஓட்டை, அதிலிருந்து மஜ்ஜை வழிகிறது. என்னைப் பார்த்ததும் பெருமையாகத் தூக்கிக் காட்டி, "கெங்கொட்சு!" என்றார். கைமுஷ்டி என்றே அர்த்தம். "எதனுடையது?" என்றேன். "புதா." பன்றி.

அவர் என்னை ஏமாற்றவில்லை, தம்பி. கறி வேண்டாம் என்றேன், கறித் துண்டுகளை எடுத்துவிட்டு முட்டை வைத்துக்கொடுத்தார். சூப் எதில் கொதிக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. மந்திரம் சொல்லிக்கொடுத்த அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "அதெல்லாம் பார்த்தால் இங்கே வாழ முடியாதுப்பா, எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும்" என்றார். தெரிந்தேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்! இப்படி ஒரு ரகம். இன்னொரு ரகம், குக்கரும் இருபது கிலோ அரிசியுமாக வந்து இறங்கி, நம்மவர்கள் நிறைய வசிக்கும் டோக்கியோ நிஷிகசாயில் தோசைமாவு கிடைக்கும் தூரத்தைத் தாண்டாமல் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, ஜப்பானில் சாப்பாடே சரியில்லை என்று ஊரில் போய்ச் சொல்வது. நிஷிகசாயில் வீடு பார்க்கவேண்டாம் என்று சொல்லவில்லை. மொழியை மட்டும் முதல் வருஷமே பிடித்துக்கொள்ளுங்கள்.

அதனால் பாடமாக எழுதி வைத்துக்கொள்ளவேண்டிய வாக்கியம் இது: "புதானிகு தாபெராரெமாசென். சூப் மோ, ராடோ மோ தமே தெசு." பன்றி சாப்பிடமாட்டேன், சூப்பும் கூடாது, ராடோவும் கூடாது. ராடோ என்பது பன்றிக் கொழுப்பு. சாஹன், வதக்கிய காய்கறி எல்லாம் பல கடைகளில் அதில்தான். இப்படிச் சொன்னால் பாதிக் கடையில் கையைக் குறுக்கே வைத்து 'முடியாது' என்பார்கள். கோபப்படாமல் வெளியே வாருங்கள், நேர்மையான பதில் அது. அலர்ஜி என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். ஒரே வாணலியில் எல்லாம் போவதால் பயந்துபோய்த் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் தரமாட்டார்கள். நம்மவர்கள் இதை ஒரு தந்திரமாகவே பரப்பி வைத்திருக்கிறார்கள்.

கோழி தின்பவர் என்பதால் உங்களுக்கு 'தோரி பைதான்' கடைகள் உண்டு, கோழிச் சூப் ராமென். அங்கேயும் சில இடங்களில் மேலே பன்றித் துண்டு வைப்பார்கள், சூப் கோழி மட்டும்தானா என்று கேட்டுவிட்டு, துண்டை எடுக்கச் சொல்லுங்கள். லான்ஜோ கைநூடுல்ஸ் கடைகளும் இப்போது வந்துவிட்டன, முஸ்லிம் நண்பர்களுக்கு வரம். ஆனால் அது மாட்டுச் சூப், உங்களுக்கு ஆகாது. கப் நூடுல்ஸ் வாங்கினால் சீஃபுட் என்ற பெயரை நம்பாதீர்கள், பின்பக்க ஒவ்வாமைப் பட்டியலில் பன்றிக்கான எழுத்து இருக்கிறதா பாருங்கள். அந்த ஓர் எழுத்தை விமானத்திலேயே மனப்பாடம் பண்ணிவிடலாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ரொட்டியும் ஊறுகாயும். பதினோராம் நாள் ஸ்டேஷன் வாசலில் அந்த அம்மா பிடித்துக்கொண்டார், உடம்புக்கு என்ன என்று. தெரிந்த முப்பது வார்த்தைகளில் விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த வெங்காயத் தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் நீர் வர. கடைக்குக் கூட்டிப்போய் வாணலியைத் தேய்த்துக் கழுவி, வேறு எண்ணெய் ஊற்றி, இரண்டு முட்டையைப் பொங்கப் பொரித்துத் தனியே எடுத்தார். அதே எண்ணெயில் மூன்று தக்காளி, உப்பு, சிட்டிகை சர்க்கரை. தக்காளி குழைந்து சாறு விட்டதும் முட்டையைத் திரும்பப் போட்டு, வெறும் தண்ணீரில் வெந்த நூடுல்ஸின் மேல் கவிழ்த்தார். மெனுவில் கிடையாது. அவர்கள் ஊர் வீடுகளில் பிள்ளைகளுக்குச் செய்வதாம். முதல் வாயிலேயே நம் தக்காளித் தொக்கு. அம்மாவிடம் ஏழு மாதக் கதையை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது அந்தக் கடையில் அவர்கள் மகன் நிற்கிறான். தன்மென் 850 யென். தக்காளி முட்டை இன்னும் மெனுவில் ஏறவில்லை, நான் கதவைத் திறந்தால் அவனே தக்காளியை எடுக்கிறான். வந்து இறங்கியதும் சொல்லுங்கள், கூட்டிப்போகிறேன். புதன்கிழமை மட்டும் வேண்டாம், கடை லீவு.