சர்க்கரை நோய் இல்லாதவருக்குச் சர்க்கரை தாழ்வது ஏன்?

கேள்வி: சர்க்கரை நோய் இல்லாத என் கணவர் (44), வெறும் வயிற்றோடு விடியற்காலையில் மாந்தோப்புக்குப் போகும்போது வியர்த்துக் கொட்டி, சம்பந்தமில்லாமல் பேசுகிறார். வெல்லம் கரைத்துக் கொடுத்தால் தெளிந்துவிடுகிறார். ஒருமுறை குளுக்கோமீட்டரில் 41 காட்டியது. வலிப்பு மாத்திரையால் பயனில்லை. கணையக் கட்டியாக இருக்கலாம் என்றார்கள், ஆனால் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இது புற்றுநோயா? அடுத்து என்ன செய்வது?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: தாங்கள் எழுதியிருப்பவை இன்சுலினோமா என்னும் கணையக் கட்டியைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகளே. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்த பிறகும் இக்கட்டி, சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருப்பதால், இரவு முழுவதும் வயிறு காலியாக இருந்த விடியற்காலையிலும், உடலுழைப்பின்போதும் தடுமாற்றம் வருகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்கே வருவதால், வலிப்பு என்றும் மனநோய் என்றும், ஏன், குடிபோதை என்றும்கூட எண்ணப்பட்டு ஆண்டுக்கணக்கில் பிடிபடாமல் போவதுண்டு.

ஆனால் உடனே இன்னொரு ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். நோயை முதலில் ரத்தத்தில் உறுதிசெய்த பிறகே கட்டி எங்கே என்று தேட வேண்டும். குளுக்கோமீட்டர் தாழ்ந்த அளவுகளில் துல்லியமானதல்ல. தடுமாற்றம் இருக்கும்போதே நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, சர்க்கரை, இன்சுலின், சி-பெப்டைடு (உடல் இன்சுலினைத் தயாரிக்கும்போது கூடவே வெளியாகும் பொருள்) ஆகியவற்றை ஒரே மாதிரியில் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். சர்க்கரை 55 மி.கி.க்குக் கீழே இருக்கையில் இன்சுலின் 3 மைக்ரோ யூனிட்டுக்கும் சி-பெப்டைடு 0.6 நானோகிராமுக்கும் குறையாமல் இருந்தால், அடங்க வேண்டிய இன்சுலின் அடங்கவில்லை என்று பொருள். தானாக அப்படி ஒரு தருணம் வாய்க்காவிட்டால், மருத்துவமனையில் சேர்த்து, தண்ணீர் மட்டும் கொடுத்து, அதிகபட்சம் 72 மணி நேரம் பட்டினிச் சோதனை செய்வார்கள்; பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்துக்குள் விடை தெரிந்துவிடும். இதை வீட்டில் விரதம்போல முயன்று பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே பாருங்கள். பெரியவர்கள் யாராவது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்களா? அம்மாத்திரை கைமாறி உள்ளே போனாலும் இன்சுலின், சி-பெப்டைடு இரண்டும் கட்டி இருப்பதுபோலவே உயரும். மூட்டுவலிக்கு வாங்கிய பெயர் தெரியாத சூரணமோ லேகியமோ இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இக்கட்டிகள் பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் சிறியவை என்பதால், சாதாரண சி.டி.யில் தெரியாதது வியப்பல்ல. நரம்பில் சாய மருந்து ஏற்றி, அது தமனிகளில் பாயும் கட்டத்தில் கணையத்தைக் குறிவைத்து எடுக்கும் சி.டி.யும், எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டும் அதிகம் உதவும்.

இவற்றில் சுமார் 90 விழுக்காடு புற்றுநோய் அல்ல. கட்டியை மட்டும் குடைந்தெடுத்தாலே பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். கணைய நாளத்தை ஒட்டியிருந்தால் கணையத்தின் ஒரு பகுதியை நீக்க நேரலாம். அதுவரை டயசாக்சைடு மாத்திரை சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும், கால் வீக்கம் தரலாம். சிறுநீரகக் கல்லோ, ரத்தத்தில் கால்சியம் மிகுதியோ குடும்பத்தில் இருந்தால் சொல்லுங்கள். சிலருக்கு இது பரம்பரை நோயின் ஒரு பகுதி.

முதற்கட்டப் பரிசோதனைக்குக் கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவை அணுகலாம். அறுவை சிகிச்சையோ, கணைய அறுவையில் பழகிய கைகள் உள்ள சென்னை ஸ்டான்லி, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் நடப்பதே நல்லது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், சேரும் முன் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை படுக்கும் முன் சாப்பிடாமல் இருக்க விடாதீர்கள். மரம் ஏறுவதும் பைக் ஓட்டுவதும் வேண்டாம். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள். வருபவர்களிடம் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.