சுஷிமாவில் புதியவருக்கு: மேப்பை மூடுங்கள், காற்றைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 45 வயது. போனில் புதிர் கேம்கள் தவிர எதுவும் விளையாடியதில்லை. மகன் ஹாஸ்டலுக்குப் போகும்போது பிளேஸ்டேஷனை வீட்டில் விட்டுப் போனான். அதில், மங்கோலியர் படையெடுத்த ஜப்பானியத் தீவில் சாமுராயாகச் சண்டையிடும் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ கேமை ஆரம்பித்தேன். சண்டை வந்தால் உடனே செத்துவிடுகிறேன். தீவு முழுக்கத் திறந்ததும் எங்கே போவதென்று தெரியவில்லை. அப்புறம், இதில் வரும் வரலாறு உண்மையா?

பதில்: முதலில் செட்டிங்ஸில் போய் ‘ஈஸி’யைத் தேர்ந்தெடுங்கள். கதையில் எதுவும் குறையாது, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கேமரா திரும்பும் வேகத்தையும் குறைத்துவிடுங்கள். புதியவர்கள் பலர் எதிரியிடம் தோற்பதில்லை, எதிரி எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரியாமல்தான் தோற்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் காட்டும் குரோசாவா மோட் அழகானது, ஆனால் இப்போது வேண்டாம். சண்டையில் நிறம்தான் உங்களுக்குத் துப்பு.

எதிரியின் ஆயுதத்தில் நீலம் மின்னினால், அடி விழும் நொடியில் கன்ட்ரோலரின் எல்1 பட்டனை அழுத்தித் தடுக்க வேண்டும். முன்கூட்டியே அழுத்திப் பிடித்திருந்தால் பயன் இல்லை. சிவப்பு மின்னினால் தடுக்கவே முடியாது, வட்டப் பட்டனை அழுத்தி விலகுங்கள். மற்ற அடிகளுக்கு எல்1 பிடித்திருந்தாலே போதும். ஆரம்பத்தில் எல்லோரும் தாக்கும் சதுரப் பட்டனை மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதை விடுங்கள். வாள் வீரர்களின் முதல் சில கும்பல்களிடம் தாக்காமல் தடுப்பதை மட்டும் பழகுங்கள். கை பழகிய பிறகு முக்கோணப் பட்டன்: அந்தக் கனத்த அடி எதிரியின் தற்காப்பை உடைக்கும். ஒவ்வொரு வகை எதிரிக்கும் ஒரு சண்டை நிலை உண்டு; உங்களிடம் முதலில் இருக்கும் ‘ஸ்டோன்’ நிலை வாள்காரர்களுக்கானது. கேடயக்காரர், ஈட்டிக்காரர், பெரிய உடல் கொண்ட தடியர்களுக்கு உரிய நிலைகள் மங்கோலியத் தலைவர்களைக் கொன்றோ மறைந்து கவனித்தோ கிடைக்கும். அதனால் தலைவர் இருக்கும் முகாம்களைத் தவிர்க்காதீர்கள்.

கும்பலை நேருக்கு நேர் அழைக்கும் ‘ஸ்டாண்ட்ஆஃப்’ பற்றியும் சொல்ல வேண்டும். முக்கோணத்தைப் பிடித்துக்கொண்டு, எதிரி உண்மையாகப் பாயும்போது விட வேண்டும். சிலர் பாய்வதுபோல ஏமாற்றுவார்கள். கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். தவறினால் உயிர் பெருமளவு போய்விடும். எனவே பக்கத்தில் கும்பல் பெரிதாக இருந்தால் பதுங்கிப் போவதே நல்லது.

எங்கே போவது என்ற கேள்விக்கு இந்த கேமின் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். திரையில் அம்புக்குறி வைக்காமல் காற்றை வைத்திருக்கிறார்கள். மேப்பில் ஓர் இடத்தைக் குறித்துவிட்டு டச்பேடை மேல்நோக்கித் தேயுங்கள், புல்லும் இலையும் அந்தத் திசையில் சாயும். வழியில் பொன்னிறப் பறவை சிறகடித்தால் பின்னாலேயே போங்கள், நரி கண்டால் நிச்சயமாகப் போங்கள். அது இனாரி கோயிலுக்கு அழைத்துப் போகும், தாயத்து அணியும் இடங்கள் அதிகமாகும். வெந்நீர் ஊற்று உயிரைக் கூட்டும். மூங்கில் வெட்டும் இடம், காயம் ஆற்ற உதவும் ‘ரிசால்வ்’ அளவைக் கூட்டும். இந்த மூன்றும் கிடைத்தாலே சண்டை எளிதாகும். மற்றபடி மேப்பில் உள்ள எல்லாக் குறிகளையும் முடிக்க முயலாதீர்கள். முதல் பகுதியான இசுஹாராவிலேயே சலித்துப்போய் நிறுத்தியவர்கள் ஏராளம். உங்களோடு சேரும் துணைவர்களான யூனா, மசாகோ, இஷிகாவா ஆகியோரின் கதைகளுக்கு நேரம் கொடுங்கள். பேச்சு பெரும்பாலும் குதிரைமேல் நடக்கும், அதனால் ஆங்கில ஒலியே முதல் முறைக்கு வசதி. ஜப்பானிய ஒலியில் சப்டைட்டிலைப் படித்தபடி குதிரை ஓட்டுவது கடினம்.

வரலாறு பாதி உண்மை. 1274இல் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் படை கடல் தாண்டி சுஷிமாவில் இறங்கியது நடந்ததுதான். தீவின் காவலர் சோ சுகேகுனி சுமார் 80 குதிரை வீரர்களோடு கொமோடா கடற்கரையில் எதிர்த்து நின்று மாண்டார். கேம் தொடங்கும் காட்சிக்கு அடிப்படை அதுவே. ஆனால் கதாநாயகன் ஜின் சகாய், அவன் மாமா ஷிமுரா பிரபு, மங்கோலியத் தளபதி கோதுன் கான் எல்லாம் கற்பனைப் பாத்திரங்கள். படையெடுத்தவர்கள் தீவிலேயே நீண்ட காலம் தங்கவும் இல்லை. இக்கி தீவைத் தாக்கி, ஹகாட்டா விரிகுடா வரை போய்த் திரும்பினார்கள், 1281இல் மறுபடி வந்தார்கள். அக்காலச் சாமுராய்க்கு முதன்மையான ஆயுதம் குதிரைமேலிருந்து எய்யும் வில். கேமில் நீங்கள் எழுதும் ஹைக்கூ பல நூற்றாண்டுகள் பின்னால் வந்த வடிவம். இவற்றைக் குறையாக நினைக்க வேண்டாம். உருவாக்கியவர்கள் வரலாற்றுப் பாடம் எழுதவில்லை, சாமுராய் படங்களின் உலகத்தைக் கட்டினார்கள்.

உங்களுடையது கூடுதல் பகுதி சேர்த்த ‘டைரக்டர்ஸ் கட்’ பதிப்பாக இருந்தால், கதையின் இரண்டாம் பாகம் தொடங்கியதும் இக்கி தீவுக்கு வழி திறக்கும். உடனே போகாதீர்கள். அங்கே மந்திரம் ஓதி மற்றவர்களை வெறியேற்றும் ஷாமன்களும், சண்டைக்கு நடுவில் ஆயுதம் மாற்றும் வீரர்களும் வருவார்கள். நான்கு நிலைகளும் கைவந்த பிறகு போங்கள்.