மூன்று நாளில் வந்த குழப்பம் மறதிநோய் அல்ல

அப்பாவை இன்றே திருகோணமலை பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்க வேண்டாம். வாகன வசதி இல்லாவிட்டால் 1990 ஐ அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை.

இதயப் பலவீனம் உள்ள 76 வயது அப்பா மூன்று நாளாக இரவில் ஆள் மாறிப் பேசுகிறார், பகலில் தூங்கி வழிகிறார் என்கிறீர்கள். இதய நோய் மறதிநோயில் கொண்டுபோய் விடும் என்று இணையத்தில் படித்துப் பயந்துபோயிருக்கிறீர்கள். தொடர்பு உண்மைதான். இதயம் சரியாகத் தள்ளாவிட்டால் மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். துடிப்பு தாறுமாறாக இருந்தால் சிறு இரத்தக்கட்டிகளும் மூளைக்குப் போய் அடைக்கலாம். ஆனால் மறதிநோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லத்தான் வரும். சில நாளில் வந்து, ஒரு நேரம் தெளிந்து ஒரு நேரம் மயங்குவது திடீர்ப் புத்தித்தடுமாற்றம். அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும்; அதைக் கண்டு வைத்தியம் செய்தால் பெரும்பாலும் தெளியும்.

நுரையீரலில் நீர் கோத்து ஒட்சிசன் குறைந்திருக்கலாம். நீர் போகும் குளிசையால் இரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். சலத்தில் கிருமி, சலம் அடைத்துக்கொள்வது, ஏன், கடும் மலச்சிக்கல்கூட முதியவரைக் குழப்பும். சத்தம் போடாமல் சோர்ந்து கிடப்பவரை 'நல்லாத் தூங்குகிறார்' என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து.

தூக்கம் வரட்டும் என்று நீங்கள் பார்மசியில் வாங்கிக் கொடுத்த, தடிமனுக்கும் அலர்ஜிக்கும் போடும் குளிசையான குளோர்பெனிரமினை இப்போதே நிறுத்துங்கள். முதியவர்களில் அது புத்தியையும் குழப்பும், சலத்தையும் அடைக்கும். மூட்டுவலிக்குக் கொடுக்கும் டைக்குளோபினாக் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி இதயத்தை மேலும் சிரமப்படுத்தும், அதுவும் வேண்டாம். ஞாபகசக்திக்கென்று வாங்கிய ஜிங்கோவால் பயனில்லை. ஆனால் கிளினிக்கில் தந்த குளிசைகளை நீங்களாக நிறுத்தக்கூடாது. எல்லாவற்றையும், வெளியில் வாங்கியவற்றையும் சேர்த்து, கிளினிக் கொப்பியோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். 'மூன்று நாளாகத்தான் இப்படி' என்பதை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

கண்ணாடி வைத்த இடத்தை மறப்பதும் பெயர் சட்டென்று வராததும் அந்த வயதில் சாதாரணம். அதை விடுங்கள்.

வீடு திரும்பியதும் தினமும் காலையில், சலம் கழித்தபின், சாப்பிடுமுன் நிறை பார்த்து எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் நீர் தேங்குகிறது, அன்றே காட்டுங்கள். உப்பு கூடிய கருவாடும் ஊறுகாயும் வேண்டாம். ஞாபகப் பரிசோதனைக்கு இப்போது அவசரப்படாதீர்கள். குழப்பத்தோடு செய்தால் பிழையான முடிவுதான் வரும். முழுதாகத் தெளிந்து மூன்று மாதமளவில் கேளுங்கள்.