யாருக்காக இந்தப் பக்கம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் இருக்கிறேன். கணினி தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக சபையின் ஃபேஸ்புக் பக்கம், யூடியூப் சேனல், வாட்ஸப் குழு மூன்றையும் போதகர் என் தலையில் கட்டிவிட்டார். தினமும் காலையில் ஒரு வசனப் படம் போடுகிறோம். ஞாயிறு ஆராதனையை நேரலையில் விடுகிறோம். பத்துப் பதினைந்து லைக் வருகிறது, அதுவும் எப்போதும் அதே ஆட்கள். நேரலையைக் கடைசிவரை பார்ப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாட்ஸப் குழுவில் காலை வணக்கங்களுக்கும் ஃபார்வர்டுகளுக்கும் நடுவே கூட்ட நேரம் மாறிய செய்தியைக்கூட யாரும் பார்ப்பதில்லை. எங்கள் மூப்பர் ஒருவர், "இதெல்லாம் உலகத்தின் காரியம், வீட்டிலிருந்தே பார்க்கப் பழகிவிட்டால் சபைக்கு யார் வருவார்கள்?" என்கிறார். பணம் கட்டி பூஸ்ட் செய்யலாமா என்று ஐக்கியத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. பின்தொடர்பவர்களை எப்படி அதிகரிப்பது? நீங்களும் சபைக்குப் போகிறவர் என்பதால் கேட்கிறேன். என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

பின்தொடர்பவர்களை அதிகரிக்கும் வித்தையைச் சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது வேறு. மூன்று இடங்களில் என்னென்ன போடுகிறீர்கள் என்று விவரமாகச் சொல்கிறீர்கள். யாருக்காகப் போடுகிறீர்கள் என்று ஓரிடத்திலும் இல்லை.

முதலில் அந்த வசனப் படம். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், பதிவுகள் வரிசையாக வரும் தன் நியூஸ் ஃபீடை மாற்றியது. பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கும், ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பதிவுகளுக்கும் முன்னுரிமை என்று ஸக்கர்பெர்க்கே அறிவித்தார். யாரும் பதில் பேசாத பதிவு அதிகம் பேர் கண்ணில் படாது என்று அர்த்தம். சூரிய உதயத்தின்மேல் எழுதிய வசனத்துக்கு 'ஆமென்' தவிர ஒருவர் என்ன பதில் எழுத முடியும்? அதே வசனம் அதே சூரியனோடு வேறு நான்கு குழுக்களிலிருந்தும் அவருக்கு வந்திருக்கும். வசனத்தின்மேல் எனக்குக் குறையில்லை, சூரியன்மேல்தான். அதற்குப் பதில், அந்த வாரப் பிரசங்கத்திலிருந்து ஒரு கேள்வியை எடுத்து வெறும் எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். 'மன்னிப்பே கேட்காதவரை மன்னிக்கத்தான் வேண்டுமா?' என்று கேட்டால் பேசாமல் போகிறவர்கள் குறைவு. போதகரும் வந்து நாலு வரி எழுதட்டும். வாரத்துக்கு ஒன்று போதும்.

பூஸ்ட் செய்யத்தான் வேண்டுமென்றால் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆராதனை அறிவிப்புக்கு, சபையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் எல்லைக்குள் மட்டும் செய்யுங்கள். ஒருநாளும் உங்கள் வாசலை மிதிக்க முடியாதவர்களின் லைக்கைக் காணிக்கைப் பணத்தில் வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்?

ஃபேஸ்புக் பக்கமும் யூடியூபும் வெளியாட்களுக்கு, வாட்ஸப் சபையாருக்கு. இந்த இரண்டையும் கலந்ததில்தான் பாதிச் சிக்கல். புதிதாகக் குடிவந்த ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு வேண்டியது: ஆராதனை எத்தனை மணிக்கு, எந்த மொழியில், எவ்வளவு நேரம் நடக்கும், கைக்குழந்தையோடு எங்கே உட்காரலாம், சக்கர நாற்காலி உள்ளே போகுமா, யாரைக் கூப்பிட்டுக் கேட்பது. பல சபைகளின் பக்கத்தில் இதில் ஒன்றும் இருக்காது. கன்வென்ஷன் போஸ்டரில் பேச்சாளரின் முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும். இந்த ஆறு விவரங்களை ஒரே பதிவில் எழுதிப் பக்கத்தின் உச்சியில் பின் செய்துவிடுங்கள். எழுத்தாகவே எழுதுங்கள். படத்துக்குள் அடைத்த எழுத்தைப் பார்வையற்றவரின் போன் பல நேரம் வாசித்துக் காட்டாது. கண்ணாடி போட்ட பெரியவர்களும் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், இடது ஓரம் வந்தால் வலது ஓரம் போய்விடும்.

வாட்ஸப்புக்கு வருவோம். குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்ற அமைப்பு 2018இலிருந்தே இருக்கிறது. அறிவிப்புக்கென ஒரு குழுவை அப்படிப் பூட்டிவிட்டு, பேச்சுக்கு வேறொரு குழு வையுங்கள். காலை வணக்கம் அங்கே தாராளமாக நடக்கட்டும். அது இல்லாவிட்டால் சிலருக்குப் பொழுது விடியாது, அதைத் தடுப்பது பாவம். பெரிய சபையாக இருந்தால் பல குழுக்களை ஒரே குடையின்கீழ் சேர்க்கும், 2022 நவம்பரில் வந்த கம்யூனிட்டி வசதியைப் பாருங்கள். சாதாரணக் குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் ஒரு உறுப்பினரின் எண் மற்ற உறுப்பினர்களுக்குப் பொதுவில் தெரியாது. ஆயிரம் பேர் வரை சேர்க்க முடிகிற இடத்தில் ஒரு இளம்பெண்ணின் எண் எல்லார் கையிலும் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஜெபக் குறிப்புகள். 'சகோதரிக்கு இன்ன இடத்தில் கட்டி, இன்ன ஆஸ்பத்திரி, இன்ன வார்டு, பயாப்ஸி ரிசல்ட் வெள்ளிக்கிழமை, ஜெபித்துக்கொள்ளுங்கள்.' பெயரோடு, சில நேரம் போட்டோவோடு. போடுகிறவர் உண்மையான பாரத்தோடுதான் போடுகிறார். ஆனால் அது அன்று மாலையே வேறு மூன்று குழுக்களுக்குப் போகும். அந்தச் சகோதரியின் மேலதிகாரி, தூரத்து உறவு, மகளுக்குப் பேசிக்கொண்டிருக்கிற சம்பந்திவீடு என்று எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜெப அறையில் பத்துப் பேர் முன்னால் கண்ணீரோடு சொன்னது அந்தப் பத்துப் பேருக்காகச் சொன்னது.

இது நீதிமன்றம்வரை போன கதையும் உண்டு. ஸ்வீடனில் ஒரு சபையில் ஞானோபதேச வகுப்பு எடுத்த பெண் ஒருவர், திடப்படுத்தல் என்ற, விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்குக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு உதவ 1998இல் சொந்தமாக ஒரு இணையப் பக்கம் தொடங்கினார். சபையில் தன்னோடு ஊழியம் செய்பவர்களை அதில் கொஞ்சம் நகைச்சுவையாக அறிமுகம் செய்தார். அவர்களில் ஒருவர் காலில் அடிபட்டு, மருத்துவ விடுப்பில் அரைநேரம் மட்டும் வேலை செய்கிறார் என்றும் எழுதினார். யாரிடமும் கேட்கவில்லை. சிலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் பக்கத்தை எடுத்துவிட்டார். ஆனாலும் வழக்கு வந்தது, அபராதம் விழுந்தது, மேல்முறையீட்டில் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. கால் காயம் பற்றிய அந்தக் குறிப்பும் உடல்நலம் சார்ந்த தனிப்பட்ட தகவல்தான் என்று 2003 நவம்பரில் தீர்ப்பு. வாட்ஸப் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னால்! ஐரோப்பாவில் 2018இல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத்தோடு மத நம்பிக்கையையும் தனிப் பாதுகாப்புக்குரிய தகவலாக வைத்திருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவாக இருந்தாலும், அந்த வகுப்பாசிரியை செய்ததைத்தான் நம் குழுக்கள் தினமும் செய்கின்றன.

அதற்காக ஜெபக் குறிப்பையே நிறுத்த வேண்டியதில்லை. போடுமுன் சம்பந்தப்பட்டவரிடம் 'குழுவில் போடட்டுமா, எவ்வளவு சொல்லலாம்?' என்று கேளுங்கள். அவரிடம் கேட்க வேண்டும், அவருடைய மாமியாரிடம் அல்ல. அவர் பேச முடியாத நிலையில் இருந்தால் இப்படி எழுதலாம்: 'நம் சபைக் குடும்பம் ஒன்றில் ஒருவர் சிகிச்சையில் இருக்கிறார். அவருக்காகவும், கூட இருந்து கவனிப்பவர்களுக்காகவும் ஜெபிப்போம். இரவு துணைக்கு இருக்க முடிகிறவர்கள் போதகரைக் கூப்பிடவும்.' ஜெபிக்க இவ்வளவு போதும், ஆண்டவருக்கு வார்டு எண் வேண்டியதில்லை. கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஜெபிக்கிறேன் என்று கைகூப்பும் பொம்மை போட்டவர்களில் நாலு பேராவது கிளம்பிப் போக அதுதான் வழி.

இதோடு சேர்ந்தது உதவி செய்யும் போட்டோ. பை கொடுக்கிற கை, வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்க்க முடியாமல் நிற்கிற முகம். வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தைப் பிரசங்கித்த அதே வாரத்தில் இதைப் பதிவேற்றும் சபைகளை எனக்குத் தெரியும். கணக்குக் காட்ட வேண்டுமானால் கட்டிவைத்த பைகளைப் படம் எடுங்கள், எத்தனை குடும்பங்களுக்குப் போனது என்று எழுதுங்கள், வாங்கியவர் முகம் வேண்டாம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். படத்தின் கீழே பெயர் வேண்டாம். பதின்வயதுப் பிள்ளைகளோடு பேசும் குழு எதுவானாலும் அதில் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், தனிச் செய்தி கூடவே கூடாது.

சரி, பக்கத்தின் இன்பாக்ஸை யார் பார்க்கிறார்கள்? லைக் போடாதவர்கள், கமெண்ட் எழுதாதவர்கள் அங்கேதான் வருவார்கள். இரவு ஒன்றரை மணிக்கு 'எனக்காக யாராவது ஜெபிப்பீர்களா' என்று ஒரு வரி வந்து நிற்கும். 2023 மே மாதம் வத்திக்கானின் தகவல்தொடர்புத் துறை சமூக ஊடகம் பற்றி வெளியிட்ட மேய்ப்புச் சிந்தனை, நல்ல சமாரியன் கதையை வைத்தே பேசுகிறது. வழியில் கிடந்தவனைப் பார்த்தும் கடந்துபோனவர்கள் ஆலயப் பணியில் இருந்தவர்கள்தான். நீங்கள் வசனப் படத்தில் செலவழிக்கும் நேரத்தை இங்கே மாற்றுங்கள். இரண்டு பேர் முறைவைத்துப் பாருங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். உயிரை மாய்த்துக்கொள்வது போலவோ வீட்டில் அடிபடுவது போலவோ ஏதாவது தெரிந்தால் நீங்களே ஆலோசகராகிவிடாதீர்கள். உடனே போதகரை எழுப்புங்கள், உதவி எண்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

கமெண்டில் சண்டை வந்தால் மத்தேயு 18 போதும், முதலில் தனியே போய்ப் பேசுவது. பொதுவில் பதில் ஒன்று, அதற்குமேல் போனில்.

இனி உங்கள் மூப்பர். உலகத்தின் காரியம் என்பதை நான் ஏற்க மாட்டேன். வத்திக்கான் வானொலியை 1931இல் அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனி. போப் பதினாறாம் பெனடிக்ட் தன் முதல் ட்வீட்டை 2012 டிசம்பரில் போட்டார். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே பவுல் கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தைப் பக்கத்துச் சபைக்கும் அனுப்பி வாசிக்கச் சொல்லியிருக்கிறார், ஃபார்வர்ட் என்றே வையுங்கள். ஆனால் அவருடைய இரண்டாவது கவலையில் விஷயம் இருக்கிறது. யோவானின் இரண்டாம் நிருபம் மொத்தமே பதின்மூன்று வசனம். எழுத நிறைய இருந்தும் தாளிலும் மையிலும் எழுத மனமில்லை, நேரில் வந்து முகமுகமாய்ப் பேசவே விரும்புகிறேன் என்று முடிகிறது. எழுதியவர் தன்னை மூப்பன் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். உங்கள் மூப்பருக்கு நல்ல துணைதான்.

அதற்காக நேரலையை நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். படுக்கையில் இருப்பவர், இரவு ஷிப்ட் முடித்த நர்ஸ், சபைக்குள் நுழையத் தயங்கி முதலில் எட்டிப் பார்க்கிறவர், இவர்களுக்கு அது வேண்டும். விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்றீர்களே, அது வசதிதான், அவர்கள் யாரென்று தெரிந்துகொள்ளலாம். மூப்பரிடமே அந்தப் பட்டியலைக் கொடுங்கள். வாரத்தில் ஒருநாள் அவர் அவர்களைப் போனில் கூப்பிடட்டும், முடிந்தால் போய்ப் பார்க்கட்டும். இவ்வளவு நாள் எதிர்த்தவர் அப்புறம் நேரலை பத்து நிமிடம் தாமதமானால் உங்களைத்தான் சத்தம் போடுவார்.

நேரலையில் படத்தைவிட ஒலி முக்கியம். போனின் மைக்கை நம்பாமல் சபையின் ஒலி மிக்ஸரிலிருந்து ஒரு ஒயர் இழுங்கள். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், பிரசங்கம் கேட்காவிட்டால் போய்விடுவார்கள். முடிந்தபின் யூடியூபில் 0:00 என்று தொடங்கி, பாடல், வேதவாசிப்பு, பிரசங்கம் எங்கெங்கே என்று நேரங்களை விளக்கத்தில் எழுதுங்கள். ஃபேஸ்புக்கை மட்டும் நம்ப வேண்டாம், 2025 பிப்ரவரியிலிருந்து அங்கே புதிய நேரலைகள் 30 நாளில் அழிந்துவிடுகின்றன. பாடல்களுக்கு உரிமை இருக்கிறது. ஆலயத்துக்குள் பாட அனுமதி இருப்பதால் ஒளிபரப்பவும் அனுமதி இருக்கிறது என்று ஆகாது. இசைப்பதிவை ஓடவிட்டால், உரிமையுள்ள இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்துவிடும். சிசிஎல்ஐ போன்ற அமைப்புகள் சபைகளுக்கென்றே ஒளிபரப்பு உரிமம் தருகின்றன. உங்கள் பாடல்கள் அதில் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பழைய கீர்த்தனைகளை உங்கள் கொயரே பாடட்டும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணக்குகளெல்லாம் யார் பெயரில் இருக்கின்றன? உங்கள் சொந்த எண்ணிலும் சொந்த மெயிலிலும் இருந்தால், வேலை கிடைத்து வெளியூர் போகும் அன்று சபையின் பக்கமும் உங்களோடு வந்துவிடும். சபைக்கென்று ஒரு எண், ஒரு மெயில் வாங்குங்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் முழு அதிகாரத்தோடு குறைந்தது இரண்டு பேரைச் சேருங்கள். கடவுச்சொல்லைக் கை மாற்றாமல் யூடியூபிலேயே ஆட்களுக்கு அனுமதி கொடுக்கலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். போதகர் பெயரில் போலி மெயில் அனுப்பி சபையாரிடம் கிஃப்ட் கார்டாகப் பணம் கேட்கும் மோசடி பற்றி அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2019லேயே எச்சரித்திருக்கிறது. 'போதகர் ஒருபோதும் சாட்டில் பணம் கேட்க மாட்டார்' என்று வரும் ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் அவரையே சொல்லச் சொல்லுங்கள். கடவுச்சொல் இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.