பயிற்சிக்கூடத்தில் இடி, பதிவில் கொசு: டூம் மெட்டல் குழுவை எப்படி ஒலிப்பதிவு செய்வது?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் கொண்ட டூம் மெட்டல் (மிக மெதுவான, கனமான ராக் இசை) குழு. கிட்டார், பேஸ், டிரம்ஸ். கிட்டார் வாசிப்பவரே பாடவும் செய்கிறார். தந்திகளை 'ஏ' வரை இறக்கிச் சுருதி சேர்க்கிறோம். பயிற்சிக்கூடத்தில் 100 வாட் வால்வு ஆம்பை (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவியை) முழுதாகத் திறந்துவிட்டால் தரை அதிரும். அதே பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்து கேட்டால் கிட்டார் கொசு ரீங்காரம் போல இருக்கிறது. ஆம்பே வேண்டாம், கிட்டாரை நேரடியாகக் கணினியில் செருகித் தனித்தனியாகப் பதிவு செய்யலாம் என்கிறார் ஒலிப்பொறியாளர். முழு வால்யூமில் மூவரும் சேர்ந்து வாசித்தால்தான் எங்கள் ஒலி கிடைக்கும் என்கிறார் டிரம்மர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நியாயம் உங்கள் டிரம்மர் பக்கம்தான் அதிகம். ஆம்ப் உரக்க ஒலிக்க வேண்டும், மூவரும் ஒன்றாக வாசிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பயிற்சிக்கூடத்தின் முழு வால்யூம் ஸ்டூடியோவில் தேவைப்படாது. பல நேரம் அதுவே காரியத்தைக் கெடுக்கும்.

சத்தம் செய்யும் வேலையில் ஒரு பங்கு நம் காதுக்குள்ளேயே நடக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் இதை அளந்து காட்டினார்கள். மெல்லிய ஒலியில் நம் காதுக்குக் கீழ் அதிர்வெண்கள் சரியாகக் கேட்பதில்லை. 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் இருக்கிறது என்றால், 50 ஹெர்ட்ஸ் ஒலி அதற்குச் சமமாகக் கேட்பதற்குச் சுமார் 30 டெசிபல் கூடுதலாக வேண்டும். வால்யூம் ஏற ஏற இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அதனால்தான் பயிற்சிக்கூடத்தில் பேஸ் வயிற்றைப் பிசைகிறது. அதே பாட்டை இரவில் போனில் மெதுவாகக் கேட்டால் அடித்தளமே காணாமல் போகிறது. நெஞ்சுக்கூடும் பாதங்களும் உணர்கிற அதிர்வும் இப்படித்தான். இவற்றை எந்த மைக்காலும் பிடித்து வைக்க முடியாது. கேட்பவர் தன் வீட்டில் வால்யூமைக் கூட்டினால்தான் உண்டு.

மைக்கால் பிடிக்க முடிந்தவை வேறு. உரத்த ஒலி வால்வுகளை என்ன செய்கிறது, ஸ்பீக்கர் காகிதத்தை எப்படி முறுக்குகிறது, அதிரும் காற்று தந்தியைத் திரும்ப வந்து எப்படித் தொடுகிறது, அந்த அதிர்வுக்கு நடுவே உங்கள் கைகள் எப்படி வாசிக்கின்றன ஆகியவை எல்லாம் பதிவாகும். நமக்கு வேண்டியது இவைதான்.

முதலில் அந்தக் கொசு. அது எங்கிருந்து வருகிறது என்பதை என்னால் ஏறக்குறைய உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) தரையில் இருக்கும். கிட்டார் வாசிப்பவர் அதற்கு முன்னால் இரண்டடி தள்ளி நிற்பார். ஸ்பீக்கர்கள் அவருடைய முழங்காலை நோக்கி ஒலிக்கின்றன. 12 அங்குல ஸ்பீக்கரிலிருந்து மேல் அதிர்வெண்கள் நேர்கோட்டில்தான் பாயும், கீழ் அதிர்வெண்கள் நாலாபுறமும் பரவும். எனவே அவர் காதுக்கு வருவது எப்போதும் மங்கலான ஒலி. அதைச் சரிக்கட்ட டிரெபிள், பிரசன்ஸ் என்று மேல் அதிர்வெண்களைக் கூட்டும் குமிழ்களை ஏற்றுகிறார். ஸ்டூடியோவில் மைக் அதே ஸ்பீக்கரின் நடுவில், ஓரங்குலத்தில் போய் நிற்கிறது. அவர் இத்தனை நாள் கேட்காத கூர்மை முழுவதும் அதில் விழுகிறது.

இதற்கு மருந்து எளிது. வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, கேபினெட்டை ஒரு மேசைமேல் ஏற்றி, காதை ஸ்பீக்கரின் நேர்க்கோட்டில் வைத்து, டோன் குமிழ்களை அங்கிருந்து திருப்பச் சொல்லுங்கள். முதல் தடவை அவருக்கு அதிர்ச்சியாக இருக்கும். டிரெபிள் பாதிக்குக் கீழே இறங்கும், மிடில் ஏறும். அதன் பிறகு மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். ஷூர் எஸ்எம்57 போன்ற சாதாரண மைக்கே போதும். இரண்டு விரல்கடை நகர்த்தினால் வரும் மாற்றத்தை மிக்ஸிங்கில் (தனித்தனிப் பதிவுகளைச் சேர்த்துச் சமன்செய்யும் வேலையில்) எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் கொண்டுவர முடியாது.

அடுத்து கெயின், அதாவது ஆம்பில் ஒலி எவ்வளவு கரகரப்பாகச் சிதைய வேண்டும் (டிஸ்டார்ஷன்) என்பதைத் தீர்மானிக்கும் குமிழ். நேரில் வாசிக்கும்போது டிஸ்டார்ஷனை வாரி இறைக்கலாம். வால்யூமே மற்றதைப் பார்த்துக்கொள்ளும். பதிவில் அதிக டிஸ்டார்ஷன் ஒலியைத் தட்டையாக்கிவிடும். பிக் தந்தியில் விழும் நொடியும், அதன் பிறகு ஒலி விரிவதும், மெல்லத் தேய்வதும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. காது கனத்தை உணர்வது இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான். கெயினை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். அதே பகுதியை இரண்டு முறை வாசித்து ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வையுங்கள். தனியாகக் கேட்டால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும், சேர்த்துக் கேட்டால் சுவர் எழும்பும். நகல் எடுத்து ஒட்டினால் இது நடக்காது. கை இரண்டு முறை வாசித்தே ஆக வேண்டும்.

'ஏ' சுருதியில் வாசிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. கிட்டாரின் தாழ்ந்த தந்தி 55 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மெட்டல் கேபினெட்டுகளில் பரவலாக இருக்கும் செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரின் வீச்சு 70 ஹெர்ட்ஸுக்கு அருகில்தான் தொடங்குகிறது. அதாவது உங்கள் கிட்டாரின் அடி ஸ்வரம் அந்தக் கேபினெட்டிலிருந்து முழுதாக வெளியே வருவதே இல்லை. நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு அதன் மேலடுக்குகள், அதாவது அதன் இரண்டு, மூன்று மடங்கு அதிர்வெண்களில் சேர்ந்து ஒலிப்பவை. பேஸ் கிட்டார் ஒரு ஸ்தாயி கீழே, 27.5 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதன் இரண்டாவது அடுக்கு சரியாக 55 ஹெர்ட்ஸ். கிட்டார் விட்டுவைத்த பள்ளத்தில் அது போய் உட்காரும். உங்கள் குழுவின் கனம் பேஸ் வாசிப்பவரின் கையில்தான் இருக்கிறது. ஆகவே கிட்டாரின் கீழ்ப்பகுதியைக் குமிழில் ஏற்றி ஏற்றிச் சேறாக்காமல், பேஸுக்கு இரண்டு தடம் (தனிப் பதிவு) ஒதுக்குங்கள்: ஒன்று சுத்தமாக நேரடியாக வருவது, இன்னொன்று டிஸ்டார்ஷனோடு ஆம்பில் வாசிப்பது. பெரிய குழுக்களின் 'கிட்டார் ஒலி' என்று நாம் வியப்பதில் பாதி இந்த இரண்டாவது தடம்தான். தந்திகளும் தடிமனாக இருக்கட்டும். தளர்ந்த தந்தியை ஓங்கி அடித்தால் சுருதி ஒரு கணம் ஏறி இறங்கும். பயிற்சிக்கூடத்தின் இரைச்சலில் அது தெரியாது, பதிவில் ஒவ்வொரு அடியிலும் தெரியும்.

இனி ஆம்பின் வால்யூம். இந்த இசையில் கிட்டாரும் ஆம்பும் சேர்ந்துதான் ஒரு வாத்தியம். ஒரு கார்டை அடித்துவிட்டுக் கையை எடுத்தால், ஸ்பீக்கரிலிருந்து வரும் அதிர்வு தந்தியைத் தொட்டு அந்த ஒலியைத் தேயவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. அமெரிக்காவின் 'சன்' குழுவினர் இந்த ஒரு நிகழ்வின் மீதே தங்கள் இசை முழுவதையும் கட்டியிருக்கிறார்கள். குழுவின் பெயரே பழைய ஆம்ப் பிராண்டு ஒன்றின் பெயர்தான். 2019-இல் வெளிவந்த இரண்டு ஆல்பங்களையும் அவர்கள் சிகாகோவில் ஒலிப்பொறியாளர் ஸ்டீவ் ஆல்பினியின் ஸ்டூடியோவில் டேப்பில் பதிவு செய்தார்கள். ஆம்புகள் தங்கள் இயல்பில் ஒலிக்க விட்டு, மைக்குகளை நல்ல அறையில் சரியான இடத்தில் வைத்து, நடப்பதை நடந்தபடி பிடிப்பது ஆல்பினியின் வழியாக இருந்தது. கேட்டுப் பாருங்கள். குறைந்த வால்யூமில் ஒலிக்கவிட்டாலும் அந்த ஆம்புகளின் பருமன் தெரியும்.

இதற்காக 100 வாட்டையும் கொட்ட வேண்டியதில்லை. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வேறுபாடு வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும். லெட் செப்பலின் முதல் ஆல்பத்தில் ஜிம்மி பேஜ் டெலிகாஸ்டரைச் சூப்ரோ என்ற சிறிய ஆம்பில் செருகித்தான் பெரும்பாலும் வாசித்தார். கேட்பவர் யாரும் ஆம்ப் சிறியது என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் ஆம்பில் சரியான இடத்தை இப்படிக் கண்டுபிடியுங்கள்: ஒரு கார்டை அடித்து ஒலிக்கவிட்டு, மாஸ்டர் வால்யூமைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஓரிடத்தில் ஒலி தேய்வதை நிறுத்திவிட்டு மலரத் தொடங்கும். அதற்கு மேல் ஏற்றினால் அடிப்பகுதி தளர்ந்து குழையும். மலர்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

சேர்ந்து வாசிப்பதா, தனித்தனியாகவா என்ற கேள்விக்கு என் பதில்: சேர்ந்துதான். பிளாக் சபாத் தங்கள் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில், பெரும்பாலும் நேரடியாக வாசித்தே முடித்தார்கள். இந்த இசைக்கே பிறப்பிடமான பதிவு அது. டூம் மெட்டலில் காலப்பிரமாணம் மூச்சு விட வேண்டும். கனமான பகுதி வரும்போது மூவரும் ஒன்றாகச் சற்றுத் தாழ்ந்து நிதானிப்பார்கள். மெட்ரோனோமுக்கு வாசித்துத் தனித்தனியாக ஒட்டினால் அந்த நிதானம் போய்விடும். ஒரே சிக்கல், கிட்டார் ஆம்பின் ஒலி டிரம்ஸ் மைக்குகளில் புகுந்துவிடுவது. கேபினெட்டை நீண்ட கேபிளோடு அடுத்த அறையிலோ நடைவழியிலோ கொண்டுபோய் வையுங்கள். மூவரும் ஒரே அறையில் ஹெட்போன் அணிந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசியுங்கள். கிட்டார்காரர் தந்தியில் ஆம்பின் அதிர்வு வேண்டும் என்றால் அந்தப் பகுதிகளை மட்டும் பிறகு கேபினெட்டுக்கு எதிரில் நின்று மறுபடி வாசித்துக்கொள்ளலாம்.

டிரம்ஸுக்கு அறை முக்கியம். தவிலின் தோலுக்கு ஓரங்குலத்தில் மைக்கை வைத்தால் கழி விழும் ஓசைதான் கிடைக்கும். நாதம் சேர்வதற்கு நடுவில் காற்று வேண்டும். டிரம்ஸும் அப்படித்தான். 1971-இல் வெளிவந்த லெட் செப்பலின் நான்காவது ஆல்பத்துக்காக ஆண்டி ஜான்ஸ் என்ற பொறியாளர் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில் டிரம்ஸைப் படிக்கட்டின் அடியில் போட்டு, இரண்டு மைக்குகளை மேல்தளத்திலிருந்து தொங்கவிட்டார். உங்களுக்கு மாளிகை வேண்டாம். உயரமான கூரையுள்ள ஒரு கூடம், டிரம்ஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இரண்டு மைக்குகள் போதும். அறை சிறியதாக இருந்தால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் அடித்தது போலத்தான் வரும். சிம்பலை மெதுவாகவும் ஸ்னேரை ஓங்கியும் அடிக்கும்படி டிரம்மரிடம் சொல்லுங்கள். தூர மைக்குகளில் சிம்பல்தான் எல்லாவற்றையும் விழுங்கும்.

மிக்ஸிங் முடிந்து மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முந்தைய கடைசிச் சீரமைப்புக்கு) போகும்போது, 'இன்னும் உரக்க' என்று கேட்காதீர்கள். மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் உரக்க ஒலிப்பதற்காக ஏற்ற இறக்கமே இல்லாமல் அளவுக்கு மீறி நசுக்கப்பட்டுவிட்டது என்று ரசிகர்களே கொதித்தார்கள். அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் நசுக்கப்படாத வடிவில் வந்தபோது பலர் அதைத்தான் விரும்பினார்கள். இன்று ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாடல்களின் ஒலியளவைத் தாங்களாகவே சமன் செய்துவிடுகின்றன. நசுக்கிய பாட்டு அங்கே கீழே இறக்கப்பட்டு, ஏற்ற இறக்கமுள்ள பாட்டுக்குப் பக்கத்தில் சோனியாக நிற்கும். இரண்டு மிக்ஸ்களை ஒப்பிடும்போதும் இரண்டின் வால்யூமையும் சமமாக்கிவிட்டுத்தான் கேட்க வேண்டும். உரக்க ஒலிப்பது எப்போதும் மேலாகத் தோன்றும்.

காதுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்று பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். தரை அதிரும் உங்கள் பயிற்சிக்கூடம் அதையும் தாண்டியிருக்கும். உலகின் மிக உரத்த குழு என்ற பிரிவையே கின்னஸ் கைவிட்டதும், அது செவித்திறனைக் கெடுப்பதை ஊக்குவிக்கும் என்பதால்தான். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். ஒலியின் தன்மையைக் கெடுக்காமல் அளவை மட்டும் குறைக்கும். பயிற்சி முடிந்த கையோடு மிக்ஸ் கேட்க உட்காராதீர்கள். களைத்த காது மேல் அதிர்வெண்களை இழந்திருக்கும். நீங்கள் டிரெபிளை ஏற்றச் சொல்வீர்கள், கொசு திரும்ப வந்துவிடும்.

உங்கள் ஒலிப்பொறியாளர் சொன்னதிலும் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆம்பில் வாசிக்கும்போதே கிட்டாரின் நேரடி ஒலியையும் ஒரு தனித் தடத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆம்ப் ஒலி பிடிக்கவில்லை என்றால் அந்தத் தடத்தைப் பிறகு ஆம்புக்குள் அனுப்பி மறுபடி மைக் வைத்துப் பிடிக்கலாம். ஏற்கெனவே செய்த பதிவிலும் அப்படி ஒரு தடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், வாசிப்பும் உங்களுக்குத் திருப்தி என்றால், முழுப் பாட்டையும் மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. ஆம்பை ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போங்கள், கேபினெட்டை மேசைமேல் ஏற்றுங்கள், கெயினைக் குறைத்து, மைக்கை விளிம்புப் பக்கம் நகர்த்தி, பழைய தடத்தை அதில் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு பிற்பகல் போதும்.